பேச்சாளருக்கு இருபது நிமிஷம், கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரம்: சபை மண்டபத்தில் பொதுக் கலந்துரையாடல் நடத்துவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபை மண்டபத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது ஐம்பது பேர் கூடி, ரப்பர் விலை முதல் கடல் எல்லை வரை பேசிக்கொண்டிருக்கிறோம். நாலு வருஷமாக நடக்கிறது. இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து, "டீச்சர், நாங்களும் தொடங்கலாம்னு இருக்கோம், என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் 29 வருஷம் புவியியல் நடத்தியவள் நான். வகுப்பு எடுக்கிற வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசனை என்னுடையது இல்லை. மகள் அமெரிக்காவில் நர்ஸ். அவளோடு ஆறு மாதம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு டியூட்டி, எனக்கு வேலை கிடையாது. அடுத்த தெருவில் ஒரு யூனிட்டேரியன் சபை. வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள்: 'நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஈயம் இருக்கிறதா? காலை 9.30. யாரும் வரலாம்.' ஆலய வாசலில் குழாயைப் பற்றிப் பலகையா என்று உள்ளே போனேன். சிலுவை இல்லை, பாட்டு இல்லை. வட்டமாக நாற்காலிகள், மூலையில் காப்பி. நகராட்சித் தண்ணீர்த் துறையின் இன்ஜினியர் ஒருவர் இருபது நிமிஷம் பேசினார். தெருக் குழாயிலிருந்து பழைய வீடுகளுக்குள் போகும் கிளைக் குழாய் ஈயத்தில் போட்டது, தண்ணீர் அதை மெல்ல அரிக்கிறது, குழந்தைகளுக்கு அது கூடாது என்றார். அப்புறம் கேள்விகள். பிளம்பர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் எழுந்து, "உங்க படத்துல செம்புக் குழாய்னு போட்டிருக்கிற தெருவுல, நானே ஈயக் குழாயை அறுத்து எடுத்திருக்கேன்" என்றார். இன்ஜினியர் முகம் சுளிக்கவில்லை. நோட்டை எடுத்து, "எந்தத் தெரு? எந்த வருஷம்?" என்று எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டு எழுதின காட்சிதான் என்னை விடவில்லை. பத்தரைக்கு ஆராதனை தொடங்கியது. பாதிப் பேர் உள்ளே போனார்கள், மீதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். ஏன் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அகதிகள் பற்றி, அதற்கு அடுத்தது நகரப் பட்ஜெட் பற்றி. ஆறு மாதத்தில் ஒன்றிரண்டைத்தான் விட்டிருப்பேன்.

இனி காரியத்துக்கு வருவோம்.

இடம் கேட்பது

சபைக் கமிட்டியில் முதல் கேள்வி, "யூனிட்டேரியன்னா திரித்துவம் இல்லேன்னு சொல்றவங்கதானே? நம்ம உபதேசத்துக்கு விரோதம் இல்லியா?" நியாயமான கேள்விதான். ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார் என்பது திரித்துவம். அப்படி இல்லை, ஏக தேவன்தான் என்ற கொள்கையில் பிறந்த சபை அது. இன்றைக்கு அவர்களில் பலர் எந்த விசுவாச அறிக்கையும் சொல்வதில்லை. "உபதேசத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன், நாற்காலி போடுற விதத்தை மட்டும் கொண்டுவந்திருக்கேன்" என்றேன். ஒருத்தர் சிரித்தார், இரண்டு பேர் சிரிக்கவில்லை. அப்போது நான் படித்துவைத்த ஒரு சேதி கைகொடுத்தது. சென்னையில் 1795-லேயே ஒரு யூனிட்டேரியன் சபை உண்டு. அதைத் தொடங்கியவர் வெள்ளைக்காரர் இல்லை, வில்லியம் ராபர்ட்ஸ் என்று பேர் வைத்துக்கொண்ட திருவேங்கடம் என்ற தமிழர். வேலைக்காரராக இங்கிலாந்துக்குப் போய், அங்கே புத்தகம் படித்து மனம் மாறித் திரும்பி வந்தவர். நம் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் சபைகளைத் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததே 1806-ல்தான். "அப்போ நம்மளவிடப் பழசா?" என்று கேட்டார் சிரிக்காதவர்களில் ஒருவர். அதோடு 'வெளிநாட்டுச் சரக்கு' என்ற பேச்சு அடங்கியது.

கமிட்டியிடம் வாய்ப்பேச்சாக அனுமதி வாங்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்ததில் ஐந்தே வரி: கட்சிக் கொடி வராது, காணிக்கை எடுக்க மாட்டோம், தீர்மானம் போட மாட்டோம், ஏழு மணிக்கு விளக்கை அணைத்துச் சாவி கொடுப்போம், மண்டபத்தை நாங்களே கூட்டிவிடுவோம். பிறகு இரண்டு தடவை புகார் வந்தது. இரண்டு தடவையும் செயலாளர் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார்.

ஜெபத்தோடு தொடங்க வேண்டாமா என்பது அடுத்த சண்டை. ஐயர்தான் தீர்த்துவைத்தார். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) விருப்பமுள்ளவர்கள் நாலே முக்காலுக்கு ஆலயத்துக்குள்ளே ஜெபித்துக்கொள்வோம், மண்டபத்தில் அன்றைய கேள்வியை வாசித்துத் தொடங்கட்டும் என்றார். நான் அமெரிக்காவில் பார்த்த கதையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தானாகவே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

வாசலைத் தாண்ட வைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் மாவட்டத்தில் இதுதான் கஷ்டம். 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரம் பார்த்த மண் இது. அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்றைக்கு ஊரில் பெரியவர்கள். சபை மண்டபத்தில் பொதுக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால், கோயில் தெருக்காரர்கள் வாசித்துவிட்டு, 'மதம் மாத்தக் கூப்பிடுறாங்க' என்று போய்விடுவார்கள். நாம் என்ன சத்தியம் செய்தாலும் அதுதான் நடக்கும். முதல் மாதம் வந்தவர்கள் 23 பேர், எல்லோரும் எங்கள் சபைக்காரர்கள். மாதர் சங்கக் கூட்டம் மாதிரி இருந்தது.

இரண்டாம் மாதம் சாயாவை வெளியே கொண்டுவந்தோம். மண்டபத்துக்கு ரோட்டுப் பக்கம் ஒரு திண்ணை உண்டு. அங்கே இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், ஒரு தட்டு நிறைய பழம்பொரி. ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். பால்வெட்டுக்காரர் (ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர்) இரண்டு பேரும், முக்குக் கடை அண்ணனும் சாயா குடித்தபடி ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். அன்றைக்கு ரப்பர் விலைதான் கேள்வி. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் எவ்வளவு ரப்பர் எடுக்கின்றன என்று பேச்சாளர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து ஒரு குரல்: "அங்க மரத்துக்கு மழைக்கு பிளாஸ்டிக் கட்டுவாங்களா சார்?" பேச்சாளர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று பதில் சொன்னார். மூன்றாம் மாதம் கேட்டவர் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஐந்தாம் மாதம் தன் தம்பியையும், தைக்கா பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் நண்பரையும் அழைத்துவந்தார். நாங்கள் யாரையும் உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்திருந்தால் ஓடியிருப்பார்கள்.

கூட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது சபையின் பெயர் வேண்டாம். எங்களுடையது வெறும் 'சனிக்கிழமைக் கேள்வி'. வருஷத்துக்கு இரண்டு தடவை நூலகத்தில் நடத்துகிறோம்.

நாள் பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, நோன்பு மாதத்தில் சாயங்கால வேளை, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் பாடப் போகும் ரவுண்டு: இவற்றின் மேல் கூட்டம் விழக் கூடாது. டிசம்பரை நாங்கள் மொத்தமாகவே விட்டுவிடுகிறோம். பால்வெட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்பே மரத்துக்குப் போகிறவர்கள், எட்டு மணிக்கு மேல் கண் சொக்கிவிடும். ஆகவே ஐந்து மணிக்குச் சாயா, ஐந்தேகாலுக்குத் தொடக்கம், ஆறே முக்காலுக்கு முடிவு. மீன்பிடி பற்றிய கேள்வி என்றால் கடற்கரைக்காரர்கள் கரையில் இருக்கும் நேரம் பார்க்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் நமக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை என்றால் இரண்டு பக்க விசைப்படகுக்காரர்களும் கரையில்தான். முதல் வருஷம் இது தெரியாமல் அக்டோபரில் கடல் எல்லையைப் பற்றிக் கூட்டம் வைத்து, கடலுக்கே போகாத நாற்பது பேர் கடலைப் பற்றிப் பேசினோம்.

கேள்வியை எழுதுவது

தலைப்பு வைக்காதீர்கள், கேள்வி வையுங்கள். 'உலகமயமாதலும் விவசாயமும்' என்று போட்டால் பேச்சாளருக்கு எங்கே வேண்டுமானாலும் மேயலாம், கேட்பவர் கொட்டாவி விடலாம்.

கேள்வியிலும் ஒரு வித்தை உண்டு. 'வேண்டுமா' என்று முடிகிற கேள்வி ஊரை இரண்டாகப் பிளக்கும். இதை அடிபட்டுத்தான் கற்றேன். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் கல் லாரிகளைப் பற்றி ஒரு கூட்டம். 'மலையை உடைத்துக் கல் கொண்டுபோவதைத் தடுக்க வேண்டுமா?' என்று நோட்டீஸ் அடித்தோம். வந்தவர்கள் வாசலிலேயே இரண்டு அணியாகப் பிரிந்துதான் உள்ளே வந்தார்கள். டிப்பர் ஓட்டும் பையன் ஒருவன், "எனக்குச் சோறு யாரு போடுவா?" என்று கத்த, பள்ளிக்கூட ரோட்டில் பிள்ளை அடிபட்ட ஒரு தாய் அழ, பேச்சாளர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்கு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே சங்கதியை வேறு கேள்வியாக வைத்தோம்: 'நம் மலைக் கல் எந்த அனுமதியில், எவ்வளவு, எந்த ரோடு வழியாகப் போகிறது?' அதே டிப்பர் பையன் வந்தான். இந்தத் தடவை கத்தவில்லை. எடைச் சீட்டு என்றால் என்ன, நடைச் சீட்டு என்றால் என்ன, எந்த நேரத்தில் எந்த ரோட்டில் லோடு போகும் என்று அவன்தான் மண்டபம் முழுவதற்கும் விளக்கினான். அந்தத் தாயும் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளி நேரத்தில் எந்த ரோட்டைத் தவிர்க்கலாம் என்று இரண்டு பேரும் திண்ணையில் நின்று பேசியதைப் பார்த்தேன். எங்கே, எவ்வளவு, யார் தீர்மானிக்கிறார்கள், எப்போதிலிருந்து: இந்த நாலில் ஒன்றை வைத்துக் கேள்வியைக் கட்டுங்கள்.

உலக விஷயம் பேசலாமா, நம் சாக்கடையே நாறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். பேசலாம். ஆனால் கயிற்றின் இந்த முனை நம் ஊரில் கட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு மிக நன்றாக அமைந்த கூட்டம் முந்திரியைப் பற்றியதுதான். 'ஐவரி கோஸ்டில் அண்டி விலை ஏறினால் நம் அண்டி ஆபீஸில் வேலை ஏன் நிற்கிறது?' என்பது கேள்வி. (எங்கள் பக்கம் முந்திரிக் கொட்டையை அண்டி என்போம், அதை உடைக்கும் ஆலையை அண்டி ஆபீஸ் என்போம்.) பொருளாதாரம் நடத்தும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்தார். உலகத்திலேயே அதிகமாகப் பச்சை முந்திரிக் கொட்டை விளைவது ஐவரி கோஸ்டில், அதிகமாக உடைத்து ஏற்றுமதி செய்வது வியட்நாம், நாம் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்து இங்கே உடைக்கிறோம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். வியட்நாமில் மெஷின்தான் பெரும்பாலும் உடைக்கிறது என்றார்.

முன்வரிசையில் அண்டி ஆபீஸில் வேலை செய்யும் ஐந்தாறு பெண்கள். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் கருத்துப்போன கைகள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மெஷின் ஒடச்சா பருப்பு முழுசா வருமா சார்? பாதி பிளந்துராதா?" ஆசிரியர் தயங்கினார், அது தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அப்போது தரம் பிரிக்கும் பகுதியில் இருக்கும் இன்னொரு அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் கொட்டினார். "இது டபிள்யூ 320. ஒரு பவுண்டுக்கு முந்நூறு, முந்நூத்தி இருபது பருப்பு நிக்கும். இது பிளவு. இது குருணை. முழுசுக்கும் பிளவுக்கும் விலையில எவ்வளவு வித்தியாசம்னு மொதலாளிகிட்ட கேளுங்க, எங்க கையோட விலை அதுதான்." ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பருப்பை அப்புறம் பிள்ளைகள் தின்றுவிட்டன.

இன்னொரு கூட்டம் கடல் எல்லை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் குஜராத்துக்கும் போகும், லட்சத்தீவுக்கும் போகும், சில சமயம் இந்தியப் பெருங்கடல் நடுவிலுள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்டும் வந்திருக்கின்றன. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் கடல், 200 கடல் மைல் வரை நாட்டின் பொருளாதார மண்டலம் என்று ஐ.நா. கடல் சட்டம் சொல்வதை ஒரு வக்கீல் விளக்கினார். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்று கரும்பலகையில் எழுதிப் பெருக்கிக் காட்டினேன். என் பழைய தொழில், விடுமா? வக்கீலுக்கு வந்த முதல் கேள்வி: "இன்ஜின் நின்னு நீரோட்டம் எங்களை அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போனா சட்டம் என்ன சொல்லும்?" அந்த ஒரு கேள்வியிலேயே அரை மணி நேரம் போனது, போகட்டும் என்று விட்டேன்.

பேச்சாளர்

மேடைப் பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். அந்தக் காரியத்தில் கை வைத்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே கடிதத்தில் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: இருபது நிமிஷம்தான், 'தெரியாது' என்று சொல்லலாம், பணம் கிடையாது, போக்குவரத்துச் செலவு மட்டும். இருபது நிமிஷம் என்றதும் சிலருக்குக் கோபம் வரும். அப்படிக் கோபப்பட்டவர்கள் வராததே நல்லது.

பொன்னாடை வேண்டாம். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். இதைச் சொல்வது சுலபம். எங்கள் மூன்றாவது கூட்டத்தில், ஒரு பிரமுகர் வருகிறார் என்று கேள்விப்பட்டு நானே பயந்துபோய் இரண்டு பேரை வாழ்த்துரைக்குப் போட்டேன். அவர் போட்டோகிராபரோடும் ஆறு சால்வையோடும் வந்தார். எனக்கு ஒன்று, ஐயருக்கு ஒன்று, பேச்சாளருக்கு ஒன்று, இப்படியே போர்த்தி முடித்துப் பேச்சாளர் வாயைத் திறந்தபோது மணி ஆறு இருபது. கேள்வி நேரம் பத்து நிமிஷம். அன்று வந்த புதியவர்களில் பாதிப் பேர் பிறகு வரவேயில்லை. தப்பு என்னுடையது. அதற்கப்புறம் மேடையையே எடுத்துவிட்டோம். நாற்காலிகள் வட்டமாக, பேச்சாளரும் அதில் ஒரு நாற்காலியில். பிரமுகர் வந்தால் வரட்டும், சாயா குடித்துவிட்டு வட்டத்தில் உட்காரட்டும். மேடை இல்லாத இடத்தில் சால்வையை எங்கே நின்று போர்த்துவார்?

கேள்வி நேரத்தை நடத்துவது

ஆள் உள்ளே நுழையும்போதே ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பேச்சு நடக்கும்போதே எழுதட்டும். சாயா டம்ளர் எடுக்க வரும் பையன் சீட்டையும் வாங்கி வரட்டும். பெண்கள் எழுந்து கேட்பதற்கு ஒரு வருஷம் ஆனது, ஆனால் முதல் மாதத்திலேயே எழுதினார்கள். மலையாளத்தில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்-கொச்சி, அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தாக்களுக்குக் கை அதில்தான் ஓடும். அவர்கள் கேள்விகள் பெரும்பாலும் நறுக்கென்று இருக்கும்.

முதல் மூன்று கேள்வி சீட்டிலிருந்து. நாலாவதிலிருந்து கை தூக்கலாம். ஒருவருக்கு ஒரு நிமிஷம். சமையலறையில் இட்லிக்கு வைக்கும் டைமரை நான் மடியில் வைத்துக்கொள்வேன். அது கிர்ரென்று அடித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், பேசுபவரும் சிரித்துவிட்டு உட்காருவார். மணி அடித்தால் அவமானமாக நினைக்கிறவர்கள் இட்லி டைமருக்குக் கோபப்படுவதில்லை, ஏனோ.

ஊருக்கு ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மேல் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, அந்தப் போராட்டத் தலைவர் நேசமணி, தாய்த் தமிழகத்தோடு இணைந்தது, பேச்சிப்பாறை அணை, நாலுவழிச் சாலை என்று ஒரு சுற்று சுற்றுவார். அவரை வெட்டாதீர்கள், அவமானப்படுத்தினால் அடுத்த மாதம் பத்துப் பேரோடு வராமல் நின்றுவிடுவார். நான், "அண்ணே, கேள்வி எந்த ஸ்டாப்பில எறங்குது?" என்பேன். எங்கள் அண்ணனுக்கு ஒரு கட்டத்தில் ஒரு பொறுப்பே கொடுத்தோம்: கூட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம், அன்றைய விஷயத்தின் பழைய கதையை அவர் சொல்ல வேண்டும். இப்போது தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறார், ஐந்தைத் தாண்டுவதில்லை.

பதில் தெரியாத கேள்விகளைக் கரும்பலகையின் வலது பக்கம் எழுதிவையுங்கள். அதை ஒருவர் பொறுப்பெடுத்து அடுத்த மாதம் பதிலோடு வர வேண்டும். அரசாங்கத்திடம் இருக்கும் தகவல் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பாதி தந்தாலோ மேல்முறையீடு. கல் லாரிக்கு நாங்கள் போட்ட மனுவுக்கு ஒரு அலுவலகம் பாதிப் பதில்தான் அனுப்பியது. மேல்முறையீட்டில்தான் மீதி வந்தது. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று எழுதாதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கொடுத்த அனுமதிகளின் நகல்' என்று எழுதுங்கள்.

தீர்மானம் போடுவதில்லை என்றேன். பிறகு பேசி என்ன பிரயோசனம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். தீர்மானம் போடுகிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமைக் கேள்வியை உள்ளூர் விஷயமாக வைத்துக்கொள்கிறோம். இங்கே கற்றதை அவரவர் வார்டுக்காரராகக் கிராம சபையில் போய்க் கேட்கட்டும், கூட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நாங்கள் உள்ளூர் விஷயத்தைத் தொடுவதில்லை. அப்போதுதான் ஐவரி கோஸ்டுக்கும் தாய்லாந்துக்கும் போவோம்.

சில்லறை விஷயங்கள்

செலவு பெரும்பாலும் சாயாவும் பழம்பொரியும்தான். திண்ணையில் ஒரு டப்பா இருக்கும், போடுகிறவர்கள் போடுவார்கள். குறைந்தால் என் பென்ஷன். வாட்ஸ்அப் குழுவில் தேதியும் கேள்வியும் மட்டும் போடுங்கள், குழுவைப் பூட்டிவையுங்கள். திறந்துவிட்டால் இரண்டே நாளில் குட் மார்னிங் ரோஜாப்பூ, மூன்றாம் நாள் மதச் சண்டை.

மண்டபம் தகரக் கூரை என்றால் ஜூனிலும் ஐப்பசியிலும் மழைச் சத்தத்தில் மைக் உதவாது. அப்போது பேச்சை விட்டுவிட்டு, ஐந்தாறு பேராகச் சின்ன வட்டங்கள் போட்டு உட்காருங்கள், சுக்குக் காப்பி கொடுங்கள். ஒரு மழை நாளில் கரண்டும் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒக்கிப் புயல் பற்றிப் பேச்சு தானாகவே திரும்பியது. 2017 நவம்பர் 30 அன்று யார் எங்கே இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரப்பர் மரம் முறிந்த கதையை விளைக்காரரும், திரும்பாத படகின் கதையைக் கடற்கரைக்காரரும் ஒரே வட்டத்தில் அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு நோட்டீஸும் இல்லை, பேச்சாளரும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதற்கு முன் அடுத்த மாதக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் வாசிக்க ஒரு நிமிஷம் விடுங்கள். வார்த்தையை மாற்றச் சொல்வார்கள், மாற்றுங்கள். இப்போது எங்கள் பலகையில் இருப்பது: 'இரண்டு மழையும் பெய்கிற ஊரில் பங்குனிக் கிணறு எப்போதிலிருந்து வற்றுகிறது?' பேச்சாளர் இன்னும் அமையவில்லை. நிபுணர் இரண்டு பேர் வரத் தயார், ஆனால் எனக்கு நாற்பது வருஷமாகக் கிணறு தோண்டுகிற ஒருவர் வேண்டும். உங்கள் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பஸ் சார்ஜ் கொடுத்துவிடுகிறோம்.